கூலன்ட் பார்க்கவும்

– கூலன்டுன்னா என்ன சார்?

– இதக் கேக்கவா மேடம் மெட்ராசுல இருந்து ஓசூருக்கு பஸ் ஏறி வந்தீக? இரும்பக் கடையுறப்ப சூடு ஏறாம இருக்க மேல ஊத்துற தண்ணி. பாக்க மோரு மாதிரி இருக்கும், குடிச்சா நேரா சிவலோகம். எதுத்தாப்புல தெரியுது பாருங்க கியர் கம்பெனி, அங்கன முப்பது வருசம் அதுலயே குளிச்சு அதுலயே வாய் கொப்புளிச்சவன் இந்த அழகர்சாமி. ரிட்டயராகி இந்த பிரவுசிங் சென்டரப் போட்டு உக்காந்த பெறகும், நான் தொட்ட இரும்பு துருப்பிடிக்கிறதில்ல.

– நான் மோகனப்ரியா. யூனிவர்சிட்டியில தொலைதூரக் கல்விப் பிரிவு, புள்ளியியல். எங்க மாணவர்கள் பேசிக்கறதுக்கு இன்டர்நெட்டுல ஒரு ஃபோரம் இருக்கு. அதுல சக்தின்னு ஒருத்தர் எழுதின பதில் இது. படிக்கறேன், கேளுங்க. “திட்ட விலக்கம்னா பயப்பட வேண்டாம். தேன்கனிக்கோட்டை பஸ் சராசரியா அரை மணிக்கு ஒண்ணு. ஆனா ரெண்டு பஸ் ஒண்ணா வந்து ஒண்ணாப் போயிடும். மிச்ச நேரம் ரோட்டுல நிக்கறப்ப உங்களுக்கு வருது பாருங்க ஒரு கடுப்பு, அதை அளந்து நம்பராச் சொன்னா அதுதான் திட்ட விலக்கம்.”

– ஆகா. இத எத்தன தடவ கேட்டாலும் எனக்கு மெய் சிலிர்க்கும்.

– எனக்கும்தான். பிரச்சினை கடைசி வரி. “பாதி வரை ஓகே. மீதி அடுத்த ஷிஃப்ட். கூலன்ட் பார்க்கவும்.” புள்ளியியலுக்கும் கூலன்டுக்கும் என்ன சம்பந்தம்?

– அது வந்து மேடம், மங்களம் மாதிரி. கச்சேரி முடியையில பாடுவாய்ங்கள்ல.

– சார், நான் விளையாட வரல. இந்தப் பதில் வந்தது ஒரு நாள் காலையில. அந்த நேரத்துல சக்தி எதிர் கம்பெனிக்குள்ள மெஷின்ல நின்னுக்கிட்டிருந்தார். சேலத்துல கூடப் படிக்கற ஒருத்தர் விசாரிச்சுப் புகார் எழுதியிருக்கார். பதில் எல்லாமே உங்க சென்டர் கம்ப்யூட்டர்லேர்ந்துதான் வந்திருக்கு. ஃபோரத்துல எழுதறதுக்கு மார்க் உண்டு. வேற ஆள் எழுதிக் குடுத்ததுன்னா அந்த மார்க் மட்டும் போகாது, சக்தியோட மூணு வருஷப் படிப்பே ரத்தாகும். நாளைக்கு நான் அறிக்கை குடுக்கணும்.

– ரத்தா. பரீச்சையெல்லாம் எழுதி முடிச்சுட்டானே தாயி. டிகிரி கைக்கு வந்த மறுநாளே அவன மெஷின்ல இருந்து எடுத்து குவாலிட்டியில மேசை போட்டு உக்கார வைக்கிறதா கம்பெனியில சொல்லியிருக்காய்ங்க.

– அதனாலதான் நேர்ல வந்தேன். காகிதத்துல முடிக்க மனசு வரல. சொல்லுங்க, அந்தப் பதிலை யார் எழுதினது?

– சக்திதான். அவன் ஒரு தனிப் பிறவி மேடம். தூக்கம்னு ஒண்ணு அவன் சாதகத்துலயே இல்ல. மெஷின்ல இரும்புப் பீஸ மாட்டிட்டு, அது கடையுற நேரத்துல ரோட்டத் தாண்டி ஓடியாந்து, இங்கன உக்காந்து ஒரு பதிலத் தட்டிட்டு, பீஸு முடியுறதுக்குள்ள திரும்ப ஓடிருவான். கேட்டுல இருக்க வாட்ச்மேனுக்கு அது காத்தா ஆளான்னே தெரியாது.

– ஒரு பீஸ் கடைய எவ்வளவு நேரம் ஆகும்?

– மூணு நிமிசம்.

– இந்தப் பதிலை டைப் அடிக்கவே எனக்குக் கால் மணி நேரம் ஆகும்.

– நீங்க கெட்டிக்காரி. சரி, உண்மையச் சொல்லிப்புடறேன். ஆனா நான் பாதியில நிறுத்துனா நீங்க பேனாவ எடுக்கக் கூடாது. முழுசாக் கேட்டுட்டுத்தான் எடுக்கணும்.

– பேனா பையில இருக்கு. சொல்லுங்க.

– மொதல்ல எங்க தொழில்ல இருக்க ஒரு வழக்கத்தச் சொல்றேன். கம்பெனியில மெஷின் தூங்காது. ஏ ஷிஃப்ட்டு ஆளு ரெண்டு மணிக்கு எறங்கயில பி ஷிஃப்ட்டு ஆளு வந்து நிக்கணும். போறவன் வாரவன்கிட்ட மெஷின ஒப்படைக்கணும். சும்மா “வரேண்டா”ன்னுட்டுப் போயிர முடியாது. எது வரைக்கும் ஓடியிருக்கு, எந்த டூல் மழுங்கிருச்சு, எந்த எடத்துல மெஷின் இருமுது, எது தனக்குப் புரியல, எல்லாத்தையும் சொல்லணும். சொல்லாமப் போனவனுக்கு மறுநாள் கேன்டீன்ல பக்கத்துல உக்காரக்கூட ஆளு இருக்காது. பொண்டாட்டிகிட்ட மறைக்கிறத எல்லாம் மெஷின் பார்ட்னர்கிட்ட மறைக்க முடியாது மேடம்.

– சரி.

– சக்தி ஏ ஷிஃப்ட்டு. அவன்கிட்ட இருந்து மெஷின வாங்குறது பவளம்னு ஒரு பொண்ணு, பி ஷிஃப்ட்டு, பீஸ அளந்து பாக்குறதும் அதுதான். அடுத்து உமைரு, நம்ம துணிக்கடை பஷீர் அஹமது பாய் மகன், சி ஷிஃப்ட்டு. மூணு பேருக்கும் படிக்கணும்னு ஆசை. மூணு பேரும் ஒண்ணா சேந்தா யாரு வீட்டுலயும் செலவு தாங்காது. என்ன செஞ்சாய்ங்க தெரியுமா? சீட்டுப் போடுற மாதிரி பேரு குலுக்கிப் போட்டாய்ங்க. மொதப் பேரு சக்தி. மூணு பேரும் சேந்து அவனப் படிக்க வைக்கிறது, அவன் முடிச்சதும் உமைரு, அதுக்கப்புறம் பவளம். இந்த ஊர்ல சீட்டுல பண்டபாத்திரம் எடுத்தவன் உண்டு, டிவி எடுத்தவன் உண்டு. பட்டத்த எடுக்கப் பாத்தவன் இவிங்கதான்.

– அதுல தப்பில்ல. ஃபோரத்துக்கு வாங்க.

– வாரேன். சக்தி அந்த ஃபோரத்துக்குள்ள மொதநாளு போயி, சராசரிக்கும் இடைநிலைக்கும் என்ன வித்தியாசம்னு ஒரு கேள்வி போட்டான். யாரோ ஒரு மெட்ராசுப் பையன், இதக்கூடத் தெரியாம எப்பிடிப்பா சேந்தேன்னு எழுதிட்டான். பயலுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. ஒரு மாசம் இந்தப் பக்கமே தல வச்சுப் படுக்கல. அப்பறம் உங்க விதி ஒண்ணு இருக்காமே, கேள்வி மட்டும் கேட்டா ஆகாது, அடுத்தவன் கேள்விக்குப் பதிலும் சொன்னாத்தான் மார்க்குன்னு. அது வேற அவன் கழுத்த நெரிச்சுச்சு. எனக்கே தெரியல, நான் எவனுக்கு என்னத்தச் சொல்றதுன்னு ஷிஃப்ட்டு மாறையில பவளத்துகிட்ட பொலம்பியிருக்கான்.

– அப்புறம்?

– பவளம் தெலுங்குக்காரப் புள்ள, வாய் கொஞ்சம் நீளம். தெரிஞ்ச வரைக்கும் சொல்லுடா, மெஷின ஒப்படைக்கையில நீ எல்லாம் தெரிஞ்சா ஒப்படைக்கிறேன்னு கேட்டுருக்கு. அம்புட்டுத்தான். அன்னையில இருந்து மெஷினோட சேத்துக் கணக்கையும் ஒப்படைச்சாய்ங்க. சக்தி மத்தியானம் வந்து பாதி எழுதி வைப்பான். உமைரு சாயங்காலம் வந்து அதப் பாப்பான், ஒரு வரி சேப்பான், விடிய விடிய மெஷின் ஓட்டிட்டு காலையில வந்து இன்னொரு வரி. பவளம் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி இங்கன உக்காந்து, பீஸ அளக்குற மாதிரி அவிங்க எழுதுனத அளந்து, தப்பக் கிழிச்சு எறிஞ்சுரும். ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு, மூணு ஷிஃப்ட்டு. ஒரு கணக்க ஏன் பூட்டி வச்சுட்டுப் போறது, மெஷினே தூங்காதப்ப கணக்கு ஏன் தூங்கணும்னு அவிங்களுக்குத் தோணிருச்சு. அது தப்புன்னு இந்தக் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்க ஒருத்தனுக்கும் தோணாது மேடம். எனக்கே தோணல.

– அப்ப அந்தக் கடைசி வரி?

– உமைரு பய. விடிய விடிய நின்னுட்டு வந்தவன், அரைத் தூக்கத்துல, கம்பெனியில எழுதிப் பழகுன கையி பாருங்க, அதே மாதிரி அடிச்சுப்புட்டான். பாதி வரை ஓகே, மீதி அடுத்த ஷிஃப்ட்டு, கூலன்ட் பார்க்கவும். சக்திக்கு எழுதுன குறிப்பு ஊருக்கே போயிருச்சு. பவளம் பாத்துட்டு தலையில அடிச்சுக்கிச்சு. அழிக்கலாம்னு பாத்தா அதுக்குள்ள நாகர்கோயில்ல இருந்து ஒரு புள்ள பதில் போட்டுருச்சு. அண்ணா, மீதிய நான் பாக்கலாமான்னு.

– ஞாபகம் இருக்கு.

– அதுக்கப்பறம் நடந்ததுதான் அதிசயம். அதுவரைக்கும் உங்க ஃபோரம் எழவு வீடு மாதிரி கெடந்துச்சு. கேக்க எல்லாருக்கும் வெக்கம், சொல்ல எல்லாருக்கும் பயம். இந்த வரியப் பாத்ததும் ஆளாளுக்குப் பாதிக் கணக்க எறக்கி வச்சாய்ங்க. எனக்கு இது வரைக்கும் தெரியும், மீதி அடுத்த ஷிஃப்ட்டு, கூலன்ட் பார்க்கவும். திருச்சிக்காரன் ஆரம்பிப்பான், வேலூர்க்காரி முடிப்பா. கூலன்டுன்னா என்னன்னு ஒரு பயலுக்கும் தெரியாது. ஏதோ லத்தீன் மந்திரம்னு நெனச்சாய்ங்களோ என்னமோ. நாகர்கோயில் புள்ள பரீச்சைப் பேப்பர்லயே அத எழுதி வச்சுட்டு வந்துச்சாம். காரைக்குடியில ஒருத்தன் கல்யாணப் பத்திரிகையில போட்டதாக் கேள்வி.

– கல்யாணப் பத்திரிகை நீங்களா சேத்தது.

– பத்திரிகை இல்லைன்னாலும் கல்யாணம் நடந்துருக்கும்ல. ஆனா பரீச்சைப் பேப்பரு நெசம்.

– அது நிஜம்தான். அந்தப் பேப்பரைத் திருத்தினது நான்.

– பாத்தீகளா. ஒரே ஒரு ஆளுகிட்டத்தான் இவிங்களுக்குப் பயம். உங்க பேராசிரியர் திம்மப்பன். அந்த ஃபோரத்துக்கே அவருதானே காவல். அவரு சேப்பு எழுத்துல ஒரு வரி போட்டா இங்கன நாற்காலியே நடுங்கும். “வாய்பாடு தெரிகிறது, யோசனை தெரியவில்லை”ன்னு ஒருதரம் சக்திக்கு எழுதிட்டாரு. பய ரெண்டு நாளு சோறு திங்கல. மூணு பேரும் அந்த வரியவே மூணு ஷிஃப்ட்டு பாத்தாய்ங்க. ஆனா அந்த மனுசன் இல்லைன்னா இவிங்க இம்புட்டுத் தூரம் வந்துருக்க மாட்டாய்ங்க. உங்கள அனுப்புனது அவருதானே?

– புகார் அவருக்குத்தான் வந்தது.

– போச்சு. அந்தா, ரோட்டத் தாண்டி வாரான் பாருங்க, நீலச் சட்டை. ஏ சக்தி, இங்கிட்டு வா. மெட்ராசு யூனிவர்சிட்டியில இருந்து வந்துருக்காக, மோகனப்ரியா மேடம். அந்தக் கூலன்ட் பதில் யாருதுன்னு கேக்க வந்துருக்காக. நான் எதுவும் சொல்லல.

– வணக்கம் மேடம். அழகர் மாமா எதுவும் சொல்லலன்னா, எல்லாத்தியும் சொல்லிட்டாருன்னு அர்த்தம்.

– உக்காருங்க சக்தி. நேராவே கேக்கறேன். உங்க பேர்ல வந்த பதில் எல்லாம் நீங்க எழுதினதா?

– இல்ல மேடம். மூணுல ஒரு பங்குதான் என்து. எதுன்னு கேட்டா எனுக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியாது. நான் ஒண்ணு ஆரம்பிச்சிருப்பேன், உமைர் அதத் திருப்பிப் போட்டிருப்பான், பவளம் வந்து ரெண்டு பேத்தையும் திட்டிகினு மூணாவதா ஒண்ணு எழுதியிருக்கும்.

– மத்தவங்க எழுதினதுக்கு நீங்க மார்க் வாங்கறது தப்புன்னு தெரியாதா?

– அந்த சேலத்து ஆளு எழுதுன புகாரப் பத்தி ஃபோரத்துல பேச்சு அடிபட்டப்பதான் மேடம் தெரிஞ்சுது. அதுக்கு முன்ன தோணவே இல்ல. எங்களுக்கு ஒரு மெஷினுன்னா மூணு ஆளு. மெஷின் மேல ஒரு நம்பர்தான் இருக்கும், மூணு பேரு இருக்காது.

– பரீச்சையில மூணு பேர் வர முடியாதே. அங்க எப்படி எழுதினீங்க?

– அதான் மேடம் எனுக்கும் ஆச்சரியம். பாதிக் கணக்க ஒப்படைக்கணும்னா முழுசா யோசிச்சிருக்கணும். எங்க நின்னுச்சு, ஏன் நின்னுச்சுன்னு சொல்லாத போனா பவளம் வுடாது. கேட்டாண்ட நிக்க வெச்சுகினு, பஸ்ஸு போனாலும் பரவால்லன்னு கேள்வி கேக்கும். பரீச்சை ஹால்ல உக்காந்தா எனுக்கு ரெண்டு பக்கமும் அவுங்க குரல் கேட்டுகினே இருந்துச்சு. காப்பி அடிச்ச மாதிரியே எழுதிட்டு வந்தேன்.

– கேட்டீகளா மேடம். முதல் வகுப்பு. மாவட்டத்துலயே, ஏன், தென்னிந்தியாவுலயே—

– மாமா, கொஞ்சம் சும்மா இரு.

– ஒரு கேள்வி கேக்கறேன் சக்தி. புத்தகத்துல இல்லாதது. ஜவளகிரி பக்கம் எந்த வருஷம் ராகி நல்லா விளையுதோ, அந்த வருஷமெல்லாம் யானையும் நிறைய வருதுன்னு வைங்க. ரெண்டுக்கும் ஒட்டுறவுக் கெழு ரொம்ப அதிகம். யானை வந்ததாலதான் ராகி விளைஞ்சுதுன்னு எழுதலாமா?

– மேடம், எங்க ஊர்ல இதக் கேட்டீங்கன்னா அடிக்க வருவாங்க. எங்க அப்பா வெச்ச ராகிய யானை தின்னுட்டுப் போனதாலதான் நான் மெஷினுக்கு வந்தேன். ராகி வெளைஞ்சா யானை வரும். யானை வந்தா ராகி வெளையாது.

– அனுபவத்தைக் கேக்கல. கணக்கைக் கேக்கறேன்.

– ரெண்டும் ஒண்ணா ஏறி ஒண்ணா எறங்குதுன்னு எழுதலாம். எதால எதுன்னு எழுதக் கூடாது. ரெண்டுத்துக்கும் பின்னால மூணாவதா ஒண்ணு நின்னுகினு இருக்கலாம். மழை. நல்ல மழைன்னா ராகியும் கதிர் முத்தித் தலை சாயும், காட்டுல குட்டிங்களும் பொழைக்கும். ஆனா மழைக் கணக்கு என்கிட்ட இல்ல மேடம். அது இல்லாத இதுக்கு மேல பேசுனா பொய் ஆயிடும். இது வரைக்கும் ஓகே. மீதிய, மழை அளவு எடுத்து வெச்சிருக்கறவங்க யாரானா பாக்கணும்.

– எனக்கு வந்த எத்தனையோ ஆராய்ச்சிக் கட்டுரையில, இது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்னு ஒருத்தர்கூட எழுதினதில்ல.

– அது பெரிய விசயம் இல்ல மேடம். ஷிஃப்ட்டு பழக்கம்.

– சரி சக்தி. நான் பேனாவை எடுக்கப் போறேன். மத்த ரெண்டு பேர் முழுப் பேர் வேணும்.

– மேடம், நான் செஞ்சதுன்னு எழுதிக்குங்க. என் டிகிரி போனா போவட்டும், மெஷின் எங்கயும் போவாது. அவுங்க பேர மட்டும் எழுதாதீங்க. அடுத்த வருசம் உமைர் முறை. அப்புறம் பவளம். இன்னும் சேரவே இல்ல, அதுக்குள்ள உங்க யூனிவர்சிட்டியில அவுங்க பேருக்குக் கறுப்புப் புள்ளி வெச்சுடாதீங்க.

– ஏ, டிகிரி போனா போவட்டும்னு எம்புட்டு லேசாச் சொல்ற. மூணு பேரு மூணு வருசம்டா அது.

– லேசாச் சொல்லல மாமா. வேற எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல.

– மேடம், கெழவன் ஒரு வார்த்த சொல்லிக்கிறேன். நான் வாயத் தொறந்தா பத்துக்கு ஒம்பது பொய்யி, ஊருக்கே தெரியும். இது அந்தப் பத்தாவது. இந்த மூணும் அந்த மூலைக் கேபின்ல உக்காந்து சண்ட போடுறத நான் கல்லாவுல இருந்து பாத்துருக்கேன். ஒருத்தன் சொன்னது இன்னொருத்தனுக்குப் புரிஞ்ச அந்த நிமிசம் இருக்கு பாருங்க, ரெண்டு மூஞ்சியும் ஒண்ணா எரியும். கரண்டு போயிருந்தாக்கூட எனக்கு வெளிச்சம் தெரியும். அதுக்கு ஒரு மார்க் போட முடியலைன்னா உங்க படிப்புல எதுக்குத்தான் போடுவீக?

– நான் போடறது போடாதது என் கையில மட்டும் இல்ல சார். விதின்னு ஒண்ணு இருக்கு. பார்த்ததை அப்படியே எழுதப் போறேன். ஒரு பேர்ல மூணு பேர் எழுதினாங்க, தப்புன்னு தெரியாம எழுதினாங்க, அதுல சக்தி முழுசாக் கத்துக்கிட்டார், கேட்டுப் பாத்து உறுதி பண்ணிட்டேன். அடுத்த வருஷத்துலேர்ந்து கூட்டாப் பதில் எழுதறவங்க எல்லாரும் பேர் போட்டே எழுதலாம்னு ஒரு பரிந்துரை. முடிவு மட்டும் ஃபோரத்துக்குப் பொறுப்பானவர்தான் எடுக்கணும். அதான் விதி.

– அப்ப இதப் படிச்சுட்டு திம்மப்பன் சாரு இன்னா சொல்வாரு மேடம்? மறுபடியும் அந்த செகப்பு எழுத்துதானா?

– திம்மப்பன் சார் ரிட்டயராகி மைசூர் போய் ஒன்றரை வருஷமாச்சு சக்தி. அவர் இடத்துக்கு ஆள் போடாம ஃபோரத்தை மூடிடப் பாத்தாங்க, மூட விடக்கூடாதுன்னு பகல்ல அவர் பேர்ல சிவப்பு எழுத்து, முடிவு எல்லாம் நான்தான் எழுதறேன், சாயங்காலம் என்கூட வேலை பாக்கற இன்னொருத்தங்க எழுதறாங்க, ராத்திரி ஷிஃப்ட்டுக்குத்தான் ஆள் கிடைக்கல. அதுக்குத்தான் உங்களைத் தேடி வந்தேன்.